குடில் புத்தகத்தில் எழுதாத வரி

டிமாரு
28 ஏப்ரல் 1983

அன்புள்ள கிரேம்,

மர்ரேயைத் தேடுவதை நிறுத்தி இன்றோடு இரண்டு வாரம். நீ தொலைபேசியில் பேசியதற்கு நன்றி. நான்கு நிமிடம் பேசினாய், அதில் மூன்று நிமிடம் இரைச்சல். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் கறிக்கடை பூட்டிக் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் தினமும் வாசலில் சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். கறிக்கடைக்காரன் வீட்டுக்கு ஆட்டுக்கறி சமைத்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மர்ரே இருந்தால் மூடியைத் திறந்து பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லித் திட்டியிருப்பான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் இப்போதெல்லாம் பேருந்தில் கத்துவதில்லை. கத்தினால் தேவலை என்றிருக்கிறது.

கிழக்குக் குடிலில் தங்குபவர்கள் போகும் வழியை எழுதிவைக்கும் அந்தப் புத்தகத்தின் பக்கத்தைப் போலீஸ் சார்ஜன்ட் நகலெடுத்துத் தந்தார். உன் கையெழுத்துதான். நில அளவைக்காரன் எழுத்து, வேலிக்கம்பம் மாதிரி நேராக நிற்கிறது. 'சனி, 2 ஏப்ரல். ஹிஸ்லாப், டல்லக். நாளை ஏரியைச் சுற்றி மேற்குக் குடில். திங்கள் சாலைக்கு.' அதற்குக் கீழே கறுப்பாக ஒரு தீற்றல், நகல் எடுக்கும் இயந்திரத்தின் அழுக்கு. இருபத்திரண்டு ஈஸ்டரிலும் நீங்கள் இருவரும் இதே வரியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நம்பி ஏரியைச் சுற்றி ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் ஆள் இறக்கினார்கள். அவன் கார் சாலை முடிவில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே எனக்கென்று வாங்கி வைத்த பாதாம் சாக்லேட் உருகாமல் இருந்தது.

முழங்கால் வலி என்று ஞாயிறு காலையே நீ திரும்பிவிட்டதாகச் சொல்கிறாய். அவனைக் கடைசியாகப் பார்த்தவன் நீ. அந்தக் காலையை எனக்கு எழுது. என்ன சாப்பிட்டான், எந்தத் தொப்பி போட்டிருந்தான், என்ன பேசினான். உனக்கு அற்பமாகத் தோன்றுவதையும் எழுது. எனக்கு இப்போது அற்பமானவைதான் வேண்டும்.

நோலீன்


பண்டபெர்க், குவீன்ஸ்லாந்து
14 மே 1983

அன்புள்ள நோலீன்,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே மகள் ரோவீனா வீட்டின் பின்புறம் எனக்கு ஓர் அறை தந்திருக்கிறாள். குளிர்காலம் நெருங்கும் மே மாதத்திலும் அரைக்கால் சட்டையோடு திரிகிறேன். சுற்றிலும் கரும்புக் காடு, மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

கேட்டதை எழுதுகிறேன். ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்டான், உப்புப் போட்டு. நீ கட்டிக்கொடுத்த, சிலுவைக் கோடு போட்ட ஈஸ்டர் பன்னில் கடைசி இரண்டை நெருப்பில் வாட்டினான். ஒன்றை ஜன்னலில் வைத்திருந்தபோது கியா என்கிற மலைக்கிளி ஒன்று தூக்கிக்கொண்டு போனது. அதைத் துரத்திக்கொண்டு காலுறையோடு ஈரப்புல்லில் ஓடினான். ஆரஞ்சுத் தொப்பி, சாம்பல் நிற மழைக்கோட்டு. கேமரா கழுத்தில் தொங்கியது. வானம் தெளிந்திருந்தது. ஏரியில் அலையே இல்லை. பிறகு நான் கிளம்பினேன். முழங்கால் முந்தின நாளே மோசமாகிவிட்டது.

அவன் ஏரியைத்தான் சுற்றியிருப்பான். நடைக் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அவன் சொல்வது உனக்கே தெரியும்: "புத்தகத்துல எழுதாத எடத்துக்குப் போனா, செத்தாலும் உன்ன நான் தேட மாட்டேன்." அப்படிப்பட்டவன் புத்தகத்தை மீற மாட்டான். மேற்குக் கரையில் பாறை சரிந்த இடம் ஒன்று உண்டு, தண்ணீர் அங்கே ஆழம். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நான் அங்கே வந்து ஆகப்போவது எதுவும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

கிரேம்


டிமாரு
19 ஜூன் 1983

அன்புள்ள கிரேம்,

கியா பன்னைத் தூக்கிய கதைக்கு நன்றி. அதை நான் பலமுறை படித்தேன். மற்றதெல்லாம் போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது.

நான் ஏரிக்குப் போனேன். நம்ப மாட்டாய். இந்த வருடம் நீங்கள் தனித்தனிக் காரில் போகும்வரை, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் உங்களைக் காரில் கொண்டுவிட்டு, பிளாஸ்கில் தேநீரோடு திரும்பியவள் நான். நடப்பவர்களுக்குக் கிறுக்கு என்று சொன்னவள். இப்போது மர்ரேயின் பழைய பூட்ஸில் இரண்டு காலுறை திணித்துக்கொண்டு நாலு சனிக்கிழமை ஏரியைச் சுற்றினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மேற்குக் கரையில் நீ சொன்ன பாறைச் சரிவையும் பார்த்தேன். ஐந்தாவது சனிக்கிழமை பனி கொட்டிச் சாலையை மூடிவிட்டார்கள்.

சாலை முடிவில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் மெர்வ் எனக்குத் தேநீர் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலி கட்டிக்கொண்டிருந்தாராம். நீ வந்ததைப் பார்த்திருக்கிறார்.

"முழங்கால் வலியா? அவரா?" என்றார். "அரை ஓட்டமா வந்தாரும்மா அந்த மனுஷன். மூட்டைய காருக்குள்ள வீசுனாரு. கதவச் சாத்துன சாத்துல என் நாய் எந்திரிச்சு நின்னுச்சு. கைய ஆட்டுனேன், பாக்கவே இல்ல. சண்டை போட்டுட்டு வர்ற ஆளு எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு."

இன்னொன்று. உன் வீட்டு வேலியில் 'விற்கப்பட்டது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பிப்ரவரியிலேயே விற்றாயிற்று என்று தரகர் சொன்னார். நீ ரோவீனாவை இரண்டு வாரம் பார்த்துவிட்டு வரப் போவதாகத்தான் மர்ரே என்னிடம் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிரேம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. சண்டை எதற்கு? அவன் எங்கே போனான்?

நோலீன்


பண்டபெர்க்
8 ஜூலை 1983

நோலீன்,

எட்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்கு முன் ரோவீனாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன்.

சாப்பிட்டு முடித்து அவன் ஏரிக்கரையில் பானை கழுவிக்கொண்டிருந்தான். மூன்று நாளாகச் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொன்னேன்.

"மர்ரே, வீட்ட வித்துட்டேன். பண்டபெர்க்லயே இருந்துடப் போறேன்."

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எப்ப வித்த?"

"பிப்ரவரில."

"பிப்ரவரில வித்துட்டு, மார்ச் பூரா எங்கிட்டயே வந்து கறி வாங்கிட்டுப் போயிருக்க."

"சொல்லணும்னுதான் நெனச்சேன்."

"இருபத்திரண்டு வருஷம். பானை கழுவுற நேரத்துல சொல்ற."

"முழங்கால் போச்சு மர்ரே. இனிமே இந்த நடையெல்லாம் என்னால ஆகாது."

"உனக்குப் போனது முழங்கால் இல்லடா, முதுகெலும்பு."

அதற்கு நான் ஒன்று சொன்னேன். அதை எழுத மாட்டேன். உங்கள் இருவருக்கும் பிள்ளை இல்லாததைப் பற்றியது. எனக்குக் கூப்பிட ஒரு மகள் இருக்கிறாள், உனக்கு யார் இருக்கிறார்கள் என்கிற மாதிரி. நோலீன், அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போதே அதைத் திரும்ப விழுங்கப் பார்த்தேன்.

அவன் பானையைக் கவிழ்த்து வைத்தான். ஏரிக்கு மேலே தெரியும் மலைக் கணவாயைக் காட்டினான். "ஏரிய நீயே சுத்திக்க. நான் மேல போய்ட்டு வரேன்."

"தனியாவா? புத்தகத்துல ஏரின்னு இருக்கு."

"நீ எழுதுனதுதான? நான் மாத்தி எழுதிக்கிறேன். நீ கெளம்பு, பிளேன் போயிடும்."

கிளம்பினேன். குடிலிலிருந்து இருநூறு தப்படியில் பாதை வளையும் இடம் இருக்கிறது. அங்கே மழைக்கோட்டுப் பையில் ஏதோ குத்தியது. கை விட்டுப் பார்த்தேன். குடில் புத்தகத்தோடு கயிற்றில் கட்டியிருக்கும் பென்சில். சனிக்கிழமை மாலை கூர் மழுங்கியிருந்ததால் கயிற்றை அறுத்து, கத்தியால் சீவி, அந்த வரியை எழுதினேன். மழை பிடித்ததும் விறகை எடுக்க ஓடினேன். ஓடும்போது பையில் போட்டிருக்கிறேன்.

அங்கே நின்றேன். திரும்பிப் போனால் மூன்று நிமிடம். போனால் மன்னிப்புக் கேட்க வந்ததாக நினைப்பான். நான் கேட்கவும் வேண்டியிருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.

புதன்கிழமை இரவு சார்ஜன்ட் இங்கே தொலைபேசியில் அழைத்தார். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று நான்தான் முதலில் கேட்டேன். ஏரி என்றார். மாற்றி எழுதவில்லை என்றால் அவன் மனம் மாறி ஏரிக்கே போயிருப்பான் என்று எனக்குள் முடிவு கட்டினேன். அவன் எழுதாமல் போகிறவன் இல்லை என்பது என் வாதம். பென்சில் என் கோட்டில் இருந்தது நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பாய். வந்தது. அதைச் சொன்னால் சண்டையைச் சொல்ல வேண்டும், சண்டையைச் சொன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். "ஆமா, ஏரிதான்" என்றேன்.

பென்சிலை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னால் இதை வைத்திருக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

கிரேம்


டிமாரு
21 ஜூலை 1983

திரு. ஹிஸ்லாப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சார்ஜன்ட்டிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். தேடியவர்களில் இருவர் வியாழக்கிழமை கணவாயின் அடிவாரம் வரை போனார்களாம். மேகம் இறங்கியிருந்ததால், புத்தகத்திலும் இல்லாததால், திரும்பிவிட்டார்களாம். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மேல ஏறியிருப்போம் நோலீன்" என்றார். பெரிய உடம்புக்காரர், குரல் உடைந்துவிட்டது. நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

கணவாயில் இப்போது இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி. நவம்பருக்கு முன் யாரும் ஏற முடியாது.

நீங்கள் எழுத மறுத்த வார்த்தை எனக்குத் தேவையில்லை. அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முப்பது வருடமாக. அதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் புதன்கிழமை இரவுக்காகத்தான்.

இனி எழுத வேண்டாம்.

திருமதி நோ. டல்லக்


பண்டபெர்க்
2 அக்டோபர் 1983

நோலீன்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

நவம்பரில் ஏறுபவர்களோடு நானும் வருகிறேன். கணவாய்க்கு மேலே போகும் வழி அந்தக் குழுவில் யாரைவிடவும் எனக்குத் தெரியும். வழியை அளந்து வரைபடம் போட்டவன் நான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்பாய். வால்தான் மிச்சம் இருக்கிறது. முழங்கால் நடக்கும். உண்மையில் அதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சார்ஜன்ட்டுக்கு எழுதினேன். வரவேண்டாம் என்று பதில் வந்தது. நீ ஒரு வார்த்தை சொன்னால் விடுவார்கள்.

இங்கே காலையில் கரும்புக்குத் தீ வைக்கிறார்கள். சாம்பல் வந்து ஜன்னலில் விழுகிறது. ரோவீனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் குழந்தைகளை என் அறைக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டாள். குற்றம் சொல்லவில்லை.

கிரேம்


டிமாரு
12 டிசம்பர் 1983

கிரேம்,

நீ வர நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. ஆனால் முடிவை நீ செய்தித்தாளில் படிக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 26 அன்று கண்டெடுத்தார்கள். கணவாய்க்குச் சற்றுக் கீழே, நம் பக்கம், ஒரு பாறையின் மறைவில். வலது கணுக்கால் உடைந்திருந்தது. இறங்கும்போது சறுக்கியிருக்கிறான். தவழ்ந்து அந்தப் பாறை வரை வந்திருக்கிறான். சாம்பல் கோட்டு, சாம்பல் பாறை, தொப்பி காற்றில் போய்விட்டது. உலர்திராட்சைப் பொட்டலத்தை அவன் பங்கு போட்டுச் சாப்பிட்டதாகச் சார்ஜன்ட் சொன்னார். அதில் ஒன்பது திராட்சை மிச்சம். போன செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். ஊரே வந்தது.

கேமரா மழைக்கோட்டுக்குள் இருந்தது. பிலிமைக் கழுவித் தந்தார்கள். பாதி கெட்டுப்போயிருந்தது, பாதி தேறியது. கணவாயின் மேலிருந்து எடுத்தவை நாலு படம், அழகாகத்தான் இருக்கின்றன. பிறகு ஐந்து படம், ஐந்தும் ஒரே இடத்திலிருந்து, பாறைக்கு அடியிலிருந்து கீழே ஏரியைப் பார்த்து. நாளுக்கு ஒன்று எடுத்திருப்பான் போலிருக்கிறது, வெளிச்சம் மாறுகிறது. முதலிரண்டில் ஏரி மட்டும். மூன்றாவதில் கரையோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள், மனிதர்கள். நாலாவதில் தண்ணீருக்கு மேலே ஈ மாதிரி ஒன்று, ஹெலிகாப்டர். ஐந்தாவதிலும் அதே ஈ, ஏரியின் வேறு பக்கத்தில். அது ஏரியைச் சுற்றிச் சுற்றி வருவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஆறாவது படம் இல்லை.

நேற்று முன்தினம் மெர்வும் நானும் கிழக்குக் குடிலுக்குப் போனோம். அந்தப் புத்தகம் இன்னும் முடியவில்லை, மேஜையில்தான் கிடக்கிறது. ஏப்ரல் பக்கத்தைத் திறந்தேன். உன் வரிக்குக் கீழே அந்தக் கறுப்புத் தீற்றல். நகல் இயந்திரத்தின் அழுக்கு என்று நினைத்திருந்தேன். விரல் வைத்தேன், விரலில் கரி ஒட்டியது. எரிந்த குச்சியால் எழுதியிருக்கிறான், கிரேம். புத்தகத்தை மூடி மூடித் திறந்ததில் எல்லாம் கலைந்து, எதிர்ப்பக்கத்திலும் ஒட்டி, ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. அவன் எழுதாமல் போகிறவன் இல்லை என்று நீ சொன்னாயே, அது ஒன்றுதான் நீ சரியாகச் சொன்னது.

நீ அனுப்பிய பென்சிலைக் கொண்டுபோயிருந்தேன். அந்தக் கரிமேலேயே எழுதினேன். 'ஞாயிறு, 3 ஏப்ரல். டல்லக், தனியாக. கணவாய் போய்த் திரும்பி இதே குடில்.' என் எழுத்து வேலிக்கம்பம் மாதிரி வரவில்லை. மெர்வ் பார்த்துவிட்டு, "இத இனி யாரும்மா படிக்கப் போறாங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். அவர் பென்சிலைப் புதுக் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டினார், கத்தி இல்லாமல் அறுக்க முடியாத தடிமன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டு எழுதாதே. எனக்கே தெரியாது, தெரிந்தாலும் உனக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மர்ரே மன்னித்தானா என்று மட்டும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிலிமில் பதில் இருக்கிறது, அதை உனக்கே அனுப்புகிறேன். எனக்கு அது வேண்டாம்.

கணவாய்ப் படங்களுக்கு முந்தைய படம் அது. ஞாயிறு காலை, குடில் வாசலில் நின்று எடுத்திருக்கிறான். வாசல் கம்பத்தின் ஓரம் படத்தில் தெரிகிறது. பாதை வளையும் இடத்தில் நீ நிற்கிறாய், முதுகு இந்தப் பக்கம். நீ திரும்பினால் உன்னை எடுக்க வேண்டும் என்று காத்திருந்தான் போல, தொடர்ந்து மூன்று முறை அழுத்தியிருக்கிறான். மூன்றிலும் நீ அப்படியே நிற்கிறாய். தெளிவாக வந்திருப்பது இந்த ஒன்றுதான். உன் வலது கை கோட்டுப் பைக்குள் இருக்கிறது.

நோலீன்